பதினேழாம் நம்பர் பொய்யன்

விடியும் முன்பே பெண்கள் பசுமைக்குடிலுக்குள் புகுந்து, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, தக்காளிக் கொடிகளைக் கயிற்றில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கறை விரல்களில் தார்போல் அப்பியிருந்தது. நானும் உழைத்தேன்: ஏணியில் ஏறி, பதினேழாம் நம்பர் வெப்பமானியைக் கோடி வரிசையில், அவர்களுடைய தேநீர்க் கேத்தலுக்கு நேர் மேலே மாட்டினேன். எங்கள் பியூக்ரா ஊர்ச் சந்தையில் என்னை 'இன்ஜினியர்' என்பார்கள். காரணம் இந்தத் தில்லுமுல்லு அல்ல.

கேத்தல் கொதித்தது. பதினேழாம் நம்பர், 'ஐம்பது டிகிரி' என்று அலறியது. அங்கிருந்த நாற்பது கருவிகளையும் மேய்ப்பது ஒரு மென்பொருள். எதை எழுப்புவது, எதைத் தூங்கவைப்பது என்று யாரையும் கேட்காமல் தானே முடிவெடுக்கும். நாற்பது டிகிரியைத் தாண்டினால் மணியடித்து வேலையை நிறுத்தும்; அந்த ஓய்வுக்காகத்தான் கேத்தல் வேலை. போன வருஷம் பெண்கள் போராடி வாங்கிய ஒப்பந்தம் அது. மென்பொருளுக்குக் 'கங்காணி' என்று பேர் வைத்திருந்தார்கள். கங்காணி மற்ற கருவிகளை விசாரித்தது. முதலாளி ஹாஜ் பெலயீத் சொன்னபடி அந்த முப்பத்தொன்பதையும் நான் வாசலருகே, காற்றாடிக்கு அடியில் மாட்டியிருந்தேன். 'இங்கே குளுகுளு' என்றன. பதினேழு பொய்யன் என்று தீர்ப்பாகி, தூங்கப் போனது. நான் கேத்தலை நகர்த்தினேன். பொய்யனென்று ஒதுக்கியதை ஆள்தான் பொத்தானை அழுத்தி எழுப்ப வேண்டும்; கோடியில் இருந்த அந்த ஒரே கருவியை எழுப்ப மறந்தேன்.

நான்காம் நாள் நண்பகல், கோடி வரிசையில் அந்தப் பெண்களில் ஒருத்தி, இஜ்ஜா, சுருண்டு விழுந்தாள். மணி அடிக்கவில்லை.

"கருவியில முப்பத்தொண்ணுதான் காட்டுது. சாப்பிடாம வந்திருப்பா," என்றார் ஹாஜ். "ஆஸ்பத்திரியிலேருந்து அப்படியே வீட்டுக்குப் போகட்டும். இனி இங்க வேலை இல்ல."

"கோடியில செருப்பைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க ஹாஜ்," என்றாள் இஜ்ஜாவின் அக்கா கெல்தூமா. "மக்காவுக்குப் போனவரு, கால் சூடு தெரியாதா?"

"கங்காணிக்குத் தெரியாத வெயில் உனக்குத் தெரியுதோ?"

மாலையில் கெல்தூமா கத்தரியைத் தீட்டினாள். "ஒவ்வொரு கருவியா நறுக்கறேன். அப்புறம் அவரு தாடி."

"நறுக்கினா கங்காணி அதை ஒதுக்கிட்டு மத்ததைக் கேக்கும் அக்கா. ஒருத்தன் சொன்னா பொய்யிம்பான். எல்லாரும் ஒண்ணாச் சொன்னா அவனால மறுக்க முடியாது."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அவள் கத்தரியை இடுப்பில் செருகினாள்.

மறுநாள் முப்பத்தொன்பது பெண்கள், ஆளுக்கொரு கருவியை இடுப்புப் பிள்ளையைப்போல் தூக்கிக்கொண்டு கோடிக்கு நடந்தார்கள். அவரவர் மூச்சுயரத்தில் மாட்டினார்கள். பதினேழை நான் எழுப்பினேன். பொய் எதுவும் சேர்க்கவில்லை. அங்கிருந்த வெயிலே போதும். நாற்பத்தாறு. நாற்பத்தாறு. நாற்பத்தாறு. மணி அடித்தது.

ஹாஜ் ஓடி வந்தார். "யாருடி மாத்தினது?"

"உங்க கங்காணியைக் கேளுங்க. அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்றாள் கெல்தூமா.

"டேய், நிறுத்துடா அதை!"

"யாரு பேச்சையும் கேக்காதுன்னு சொல்லித்தானே வாங்கினீங்க, ஹாஜ்," என்றேன்.

"அத்தனை பேரையும் துரத்திடுவேன்!"

"துரத்துங்க," என்றாள் கெல்தூமா. "இஜ்ஜா திரும்பி வேலைக்கு வர்ற வரைக்கும் ஒரு பழம் கொடியைவிட்டு இறங்காது. அழுகற வாசனை உங்க வீடு வரைக்கும் வரட்டும்."

அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பெண்கள் கல்யாண ஊர்வலத்தைப் பார்ப்பதுபோல் நின்று ரசித்தார்கள். அவர் போனார். யாரும் கொடியைத் தொடவில்லை.

கெல்தூமாவிடம் மூன்றாவது முறையாகக் கேட்டேன்: "அக்கா, இஜ்ஜா விழுந்ததுக்கு நான்தான் காரணமா?"

முதல் இரண்டு தடவையும் 'மூளை கலங்கிருச்சா?' என்று சிரித்து மழுப்பியவள், இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஆமா. பாதி நீ, பாதி அவரு. அவரோட பாதியை முதல்ல வாங்கிக்கறோம். அதுவரைக்கும் எங்ககூட நில்லு."