கையும் முகமும்

“கைய மட்டும் நீட்டு, கேசவ். மூஞ்சி வேணாம்.”

“ஏன், மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?”

“ஹீரோவுக்கு வேற மூஞ்சி வச்சிருக்கேன் லா.”

மூன்று வருடங்களுக்கு முன், இணையப் படக்கதையான தன் வெப்காமிக்கை வரையத் தொடங்கியபோது மனைவி வினுஷா சொன்னது. அன்றிலிருந்து கதாநாயகன் அமுதனின் கைகள் கேசவனுடையவை, முகம் யாருடையதோ.

இன்று சிங்கப்பூர்த் தேக்காவில் அதன் வாசகர் சந்திப்பு. கேசவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

“அமுதன் கண்ணுக்காகவே நான் படிக்கிறேன். நிஜத்துல அவன் யாரு, அக்கா?” என்றாள் ஒரு பெண்.

வினுஷா சிரித்து மழுப்பினாள். சுவரில் ஒட்டியிருந்த அமுதனின் படத்தைக் கேசவன் முறைத்தான்.

“எனக்குப் பிடிச்சது அவன் கைதான். குடை பிடிக்கிற விதத்திலயே அன்பு தெரியுது,” என்றாள் இன்னொருத்தி.

கேசவன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு மெல்ல எழுந்தான்.

“வினு, அடுத்த எபிசோட்ல அவனுக்கு என் மூஞ்சியையும் கொடுத்துடேன்.”