ஒரே மின்விசிறிக்கு முன்னால்

2024 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. காலையிலிருந்தே மும்பையின் தாராவி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. காற்று பெயருக்கும் இல்லை.

நாகூர் மீரானின் தோல்பைப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்த விஜயராணிக்கு மனத்துக்குள்ளும் புழுக்கம். தோல் வெட்டும் ராஜபாண்டியும் அதைத் தைக்கும் அப்துல் ஹாதியும் ஸ்டாண்டு ஃபேனுக்காக முட்டிக்கொண்டிருந்தனர். ஹாதி அதைத் தன் பக்கம் திருப்பினால், ராஜபாண்டி தோலில் வைத்து வரையும் காகிதப் பேட்டர்ன்கள் பறந்தன. ராஜபாண்டி அதை அணைத்தால், ஹாதியின் வியர்வை தோலில் சொட்டிக் கறையாயிற்று.

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இத முடிச்சு வையி. இல்லேன்னா ரெண்டுல ஒருத்தன் நாளைக்கு வரவேண்டாம்" என்று முதலாளி அவளிடம் சொல்லிவிட்டார்.

காலையில் விஜயராணி ஒரு பிழை செய்தாள். பட்டறை ஆட்கள் அனைவரின் முன்னிலையிலும் இருவரையும் கைகுலுக்கச் சொன்னாள். கைகள் குலுங்கின, முகங்கள் மேலும் இறுகின. ஆகவே மாலையில் அவ்விருவரை மட்டும் தோல் அடுக்கியிருந்த மாடிக்கு அழைத்து, நிபந்தனை ஒன்றை விதித்தாள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னவர் "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொண்ட பின்னரே மற்றவர் தம் கட்சியைப் பேசலாம்.

"என்னக்கா, பால்வாடி நடத்துதியளா?" என்றான் ராஜபாண்டி.

"ஆமா, ரெண்டே பிள்ளைய. ஹாதி, நீ சொல்லு."

"அண்ணாச்சி என்னை மதிக்கல. அவ்ளோதான்."

"ஃபேன் தரலேங்கான்" என்று திருப்பிச் சொன்னான் ராஜபாண்டி.

"நான் ஃபேனையா சொன்னேன்? தெனம் எல்லாருக்கும் அர கிளாஸ் கட்டிங் டீ சொல்லுதது நீங்க. செவ்வாக்கெழம எனக்கு மட்டும் சொல்லல. ஃபேன் தகராறே அதுக்குப் பொறவுதான்."

விதியை நினைவூட்ட வாயெடுத்த விஜயராணி, ராஜபாண்டியின் திகைத்த முகத்தைக் கண்டு அடங்கினாள். சும்மா இருப்பது அவளுக்கு எளிதாக இல்லை.

"ஏல, நோம்பு வைக்கவன் மூக்குக்கு முன்னால டீய நீட்டச் சொல்லுதியா? பெருநாளு கழிஞ்சு ஆறு நோம்புன்னு திங்கக்கெழம நீதானல டீ வேண்டாம்ன!"

"ஒண்ணுதான் வச்சேன். வயித்தக் கலக்கிட்டு. மிச்சத்தப் பொறவு வைக்கலாம்னு விட்டுட்டேன்."

"அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீங்க கேட்டியளா?"

விஜயராணிக்குச் சிரிப்பு முட்டியது. ஆயினும், மனத்தாங்கல் தணிந்ததனால் வெயில் தணிந்துவிடாது என்பதை அவள் அறிவாள்.

"சரி, இப்ப ஃபேனுக்கு வருவோம்."

நெடுநேரம் பேரம் நடந்தது. ராஜபாண்டி பேட்டர்ன் வைத்துக் கோடு போடும்வரை ஃபேன் ஓடாது. அந்நேரம் ஹாதி மெஷினை விட்டு வாசலில் அமர்ந்து பசை தடவுவான். வெட்டத் தொடங்கியதும் காற்று ஹாதிக்கு. இதையும் இருவரும் முனகியபடியே திருப்பிச் சொன்னார்கள்.

கீழே முதலாளி காத்திருந்தார். "யாரை நிறுத்தணும்?"

"ரெண்டு பேரும் வருவாவ, மொதலாளி."

"தப்பு யாரு மேல?"

"அத நான் கேக்கவே இல்ல" என்றாள் விஜயராணி.

அப்போது மணி மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.