பந்துப் புள்ளிகள்

மல்லசமுத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கட்டியிருந்த பிளெக்ஸைப் பார்த்ததும் நர்மதாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. படத்தில் அம்மா. படத்துக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி'.

அந்த எழுத்துதான் எரிச்சல். ஒவ்வொன்றும் தின்று கொழுத்த குழந்தைபோல வயிறு பெருத்து, இடுப்பு சிறுத்து, கீழே குட்டிப் பாதம் வைத்து நின்றது. வால்கள் சுருண்டு எகிறின. புள்ளிகளோ யாரோ தூக்கிப் போட்ட பந்துகள். 'ராமாத்தாள்' என்ற பெயரும் அதே கூத்தில் இருந்தது.

காரியத்துக்கு வந்த அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏ நர்மதா, உங்கம்மாளுக்குக் காதுகுத்தா? மொட்டை எப்போ?"

நர்மதா நேரே பிளெக்ஸ் கடைக்குப் போனாள்.

"ஏனுங்க, எழவுக்கும் சீருக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா? உங்களுக்குக் கண்ணு இருக்குதா இல்லீங்களா?"

கடைக்கார அலெக்ஸ் எழுந்து நின்றான். "அப்பாதானுங்க்கா வந்து சொன்னாரு..."

"அவரு வயசானவரு. எதையாச்சும் காட்டித் தலையில கட்டிட்டீங்க! உங்கூட்டுச் சாவுக்கு இப்படிப் போடுவீங்களா?"

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்ல ஒரு பதில் இருந்தும் வாயை மூடி வசவு வாங்க ஒரு பெருந்தன்மை வேண்டும். கடவுள் அதைச் சிலருக்குத்தான் கொடுக்கிறார். "மாத்திடலாங்க்கா" என்றான் அலெக்ஸ். ஒல்லியான, அடக்கமான எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, பழையதை அவிழ்க்க அவளோடு கிளம்பினான்.

அப்பா கந்தவேல் நிறுத்தத்து பெஞ்சில் பிளெக்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நர்மதா தாளைப் பிடுங்கி அவர் கையில் திணித்தாள்.

"இதப் பாருங்கப்பா. இதுதான மருவாதியா இருக்குது?"

கந்தவேல் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார்.

"நல்லா இருக்குது சாமி."

தாள் தலைகீழாக இருந்தது.

நர்மதா அலெக்ஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"கடையில இருக்கற எழுத்தெல்லாம் வெச்சுப் பாத்தோமுங்க்கா. அது ஒண்ணுதான் அவரு கண்ணுக்குத் தெரிஞ்சுது. உங்ககிட்டச் சொல்லவேண்டாம்னு கையப் புடிச்சுக்கிட்டாரு."

"ஏப்பா எங்கிட்ட மறைச்சீங்க?" நர்மதா கத்தினாள்.

"நீ வேலைய உட்டுப்போட்டு வந்து உக்காந்துக்குவ கண்ணு. அதான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். கோபம் போகவில்லை, இருந்த இடம்தான் மாறியது. அலெக்ஸ் ஏணியைச் சாத்தப் போனான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி. பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க."

அத்தை தெருவில் நின்று கேட்டாள்: "இன்னுமா அவுக்கல? ஊரே சிரிக்குது!"

"சிரிக்கட்டும் அத்தை. வெயில்ல நிக்காம நவுருங்க, மறைக்குது" என்றாள் நர்மதா. "எங்கப்பா படிச்சிட்டிருக்காரு."

கந்தவேலின் விரல் காற்றில் அந்தக் கொழுத்த எழுத்துகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு போனது. "ரா... மா..."