ஊறப் போட்ட சாக்கு

நெருப்பைக் கண்டால் ஊரே ஒரு பக்கம் ஓடும். கங்காதரன் எதிர்ப்பக்கம் ஓடுவான். இருபத்தோரு வருடச் சர்வீஸ் அப்படி. அதில் கடைசி ஒன்பது வருடமாகத் தீயணைப்புத் துறையில் பயிற்சியாளர் உத்தியோகம். பள்ளிக்கூடம், கம்பெனி, கல்யாண மண்டபம் என்று போய், தீப்பிடித்தால் என்ன செய்யவேண்டும் என்று செய்துகாட்டிச் சொல்லித் தருகிற வேலை. அப்பேர்ப்பட்ட ஆளுக்கு, தீத்தொண்டு வாரத்தின் மூன்றாம் நாள், தான் பிறந்த கோட்டைக்குப்பத்துக்கு ஜீப்பில் போகப் பயமாக இருந்தது.

பயப்படாமல் என்ன செய்வான்! அந்த ஊரில் அவன் ஒரு பொய்யை விட்டுவிட்டு வந்திருந்தான். அதுவும் சாகக் கிடந்த அக்காவிடம் சொன்ன பொய்.

போன வருடமும் இதே வாரம்தான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆண்களும் கரையில் இருந்தார்கள். வலை உலர்த்தும் மணல்திட்டில் ஊர் மொத்தமும் கூடியிருந்தது. கங்காதரன் கேஸ் சிலிண்டரைப் பற்றவைத்தான். ஜீப்பிலிருந்து ஒரு சாக்கை எடுத்துத் தண்ணீரில் முக்கி, ஓரத்தை மடித்து விரல்களை உள்ளே மறைத்து, முகத்துக்கு நேராகப் பிடித்தபடி போய்ப் போர்த்தினான். நெருப்பு அடங்கியது. “இப்ப யாரு வரீங்க?” என்று கேட்டால் ஒருவரும் அசையவில்லை. நடுக்கடலில் புயலுக்கு அஞ்சாத ஆம்பளைகள் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒளிந்தார்கள்.

“அக்கா, நீ வா” என்றான்.

குப்பம்மா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். தாயில்லாத அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். “ஐயே, நானா? போடா, பொடவைல பத்திக்கினா இன்னா பண்றது?” என்று முனகிக்கொண்டே வந்தாள். வந்தவள் முந்தானையை இழுத்துச் செருகி, ஒரே போர்த்தலில் அணைத்துவிட்டாள். விசில் பறந்தது, கைதட்டல் அடங்கவே இல்லை. அன்றிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. “எவ ஊட்ல எது பத்திக்கினாலும் மொதல்ல என்னைக் கூப்டுங்கடி. எந்தம்பி வண்டி வர்றதுக்குள்ள நானே அணைச்சிடுவேன்” என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

ஆடி மாதம் அப்படியே கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு ஜெயம்மா அம்மனுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சிலிண்டர் குழாயில் தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள், குப்பம்மா உள்ளே ஓடினாள். சாக்கைத் தேடி எடுத்துத் தண்ணீர் டிரம்மில் முக்கி, ஓரத்தை மடித்து, விரல்களை மறைத்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போனாள். தம்பி காட்டியதில் ஒன்றுகூட விடவில்லை. ஆனால் அவள் எடுத்தது வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு. அது எங்கே தண்ணீரைக் குடிக்கப் போகிறது? நெருப்பில் பட்டதும் உருகி, அவள் கைகளிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு எரிந்தது.

கங்காதரன் ஜீப்பில் கொண்டுவந்திருந்தது சணல் சாக்கு. துறை ஸ்டோரிலிருந்து எடுத்து வருவது. கோட்டைக்குப்பத்து வீடுகளில் சணல் சாக்கைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! அரிசி வருவது பிளாஸ்டிக் சாக்கில். ஐஸ் வருவது அதில். இறாலைக் கட்டிப் போடுவதும் அதிலேதான். அந்த ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. சணல் இல்லாவிட்டால் எதை எடுக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே, அவள் மணிக்கட்டுக் கட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளை இழையைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆறாம் நாள் அவள் கண் விழித்துக் கேட்டாள்.

“தம்பி, நீ சொன்னா மாரிதானேடா பண்ணேன். எங்கடா தப்பு பண்ணேன்?”

யூனிஃபார்மோடு நின்றிருந்தான். பக்கத்தில் அவள் மகள் நிவேதா நின்றிருந்தாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது.

“சாக்கு சரியா ஊறலக்கா. அதான்” என்றான் பாவி.

“ஆமாண்டா, அவசரப்பட்டுட்டேன்” என்றாள் குப்பம்மா. மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது அதே மணல்திட்டில் ஜீப்பை நிறுத்தி இறங்கினான். அதே கூட்டம். ஜெயம்மா எதிரில் வந்து, “வா கங்கா” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிவேதா வந்தாள். அவள் இழுத்து வந்த பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் தளும்பியது. உள்ளே வெள்ளைச் சாக்கு ஒன்று கிடந்தது.

“மாமா, அம்மா மாரி அவசரப்பட மாட்டேன். காலையிலேயே ஊறப் போட்டுட்டேன்” என்றாள். “நம்ம தெருவுல எல்லா ஊட்லயும் இப்ப ஒரு சாக்கு ஊறிக்கினே இருக்கும். நான்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

அட கடவுளே, ஒரு பொய் இப்படியா வீடு வீடாகப் போய் உட்காரும்! இதைக் கேட்டும் வாய் மூடியிருந்தால் அவன் மனுஷனே இல்லை.

கங்காதரன் வாளியிலிருந்த சாக்கை எடுத்தான். சிலிண்டரைப் பற்றவைத்து, எல்லோரையும் பின்னுக்குப் போகச் சொல்லிவிட்டு, நீண்ட கழியின் நுனியில் மாட்டி நெருப்பின்மேல் போட்டான். காலையிலிருந்து ஊறிய சாக்கு கண்ணிமைக்கும் நேரத்தில் சுருங்கி, எரிகிற சொட்டுகளாக மணலில் விழுந்தது.

“அக்கா ஒரு தப்பும் பண்ணல” என்றான். “எவ்ளோ ஊறப் போட்டாலும் இது இப்டித்தான் உருகும். இதை எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லல. அவ கேட்டப்பகூட அவமேலயே பழியப் போட்டேன். என் தப்ப மறைக்கத்தான் போட்டேன்.”

நிவேதா மணலில் உருகிக் கிடந்த சாக்கைக் குனிந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“கண்ண மூடுற வரைக்கும், ‘சரியா நனைக்கலயேடி’ன்னு தன்னையே திட்டிக்கினு இருந்தாங்க மாமா” என்றாள். பிறகு, “அப்போ எதைத்தான் எடுக்கணும்?” என்று கேட்டாள்.

“சணல் சாக்கு இல்லன்னா பருத்தித் துணிம்மா. கெட்டியான போர்வை, வேட்டி, லுங்கி, எதுனாலும் நல்லா நனைச்சி, ரெண்டு மூணு மடிப்பா.”

“லுங்கி போதுமா?”

“போதும்மா.”

“அன்னிக்கு ஜெயம்மா அத்தை ஊட்டு வாசக் கொடில எங்க நைனாவோட லுங்கியும் சேர்த்து நாலு லுங்கி துவைச்சிப் போட்டிருந்தேன். தண்ணி சொட்டிக்கினு இருந்திச்சி. அதைக் கையால தள்ளி விட்டுட்டுத்தான் அம்மா சாக்கு தேட ஓடுனாங்க.”

கங்காதரன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். தொப்பி எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. ஊர் பார்க்க, யூனிஃபார்மோடு, தேம்பித் தேம்பி அழுதான். யாரும் வந்து தேற்றவில்லை.

சிலிண்டர் எரிந்துகொண்டிருந்தது. நிவேதா மணல்திட்டை ஒட்டிய வீட்டுக் கொடியிலிருந்து ஒரு லுங்கியை உருவினாள். வாளியில் முக்கி, மடித்து, விரல்களை மறைத்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போய்ப் போர்த்தினாள். நெருப்பு உடனே அடங்கியது.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.