மூன்றாவதாக வர வேண்டும்

இராமையா யாரையும் நம்ப மாட்டான். ஆறு வருஷத்துக்கு முன் அடைமழையில் மலை சரிந்து பாறையொன்று அவன் காலில் உருண்டபோது, "ஒண்ணுமில்லப்பா, சுளுக்குத்தான்" என்றார்கள் தூக்கி வந்தவர்கள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பார்த்தால் வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் புரட்டிப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், அதற்கப்புறமும் நம்ப மாட்டான்.

அப்படிப்பட்டவனிடம்தான் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் முத்துலிங்கம் ஒரு காகிதத்தோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர்.

"சித்திரை வருஷப் பிறப்புக்கு நாலு தோட்டமும் சேர்ந்து விளையாட்டுப் போட்டி வைக்குது. இந்த முறை கவைக்கம்பு ஊண்டி நடக்கிற ஆக்களுக்கும் ஒரு ஓட்டம் இருக்கு. உம்மட பேரை எழுதட்டோ?"

"ஓடவாங்க ஐயா? நானா?"

"ஏன், ஜப்பானில போன வருஷம் கால் ஏலாத ஆக்களுக்கெண்டே பெரிய போட்டி வச்சவை. பேப்பரில பார்த்தனான்."

ஜப்பான்காரனுக்கு என்ன, அவனை யார் கப்பலேற்றப் போகிறார்கள் என்று இராமையா நினைத்துக்கொண்டான். டிஸ்பென்சர் பெயரை எழுதினார், வயதை எழுதினார், எந்தக் கால், எத்தனை வருஷம் என்றும் எழுதினார்.

"கால் விவரமெல்லாம் எதுக்குங்க?"

"ஒரு கால் போன ஆளையும் ரெண்டு காலும் ஏலாத ஆளையும் ஒண்டா ஓட விடலாமோ?"

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் இராமையாவுக்குப் பிடிக்கவில்லை.

காலம் அப்படி. முந்தின வருஷம்தான் டில்லியில் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தன. தோட்டத் தமிழரில் இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தாயிற்று. யார் போவது, யார் இருப்பது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் யாராவது பென்சிலோடு வந்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

"லிஸ்ட் எடுக்கிறானுங்க புள்ள" என்றான் மனைவி ராசம்மாவிடம். "வேலைக்கு ஒதவாதவனையெல்லாம் மொதக் கப்பல்ல ஏத்தப் போறானுங்க. எவன் ஒதவாதவன்னு பாக்கத்தான் இந்த ஓட்டம்."

"அப்ப நல்லா ஓடுங்களேன்."

"ஓடுனா? கணக்கப்பிள்ளை பாத்துக்கிட்டு இருப்பாருல்ல? ஓடத் தெரிஞ்சவனுக்கு உக்கார்ற வேலை எதுக்குன்னு மலை வேலைக்கு ஏத்திடுவாரு."

அதுவும் பொய்யில்லை. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் உட்கார்ந்து தண்டு பொறுக்கும் லைட் வேலை அவனுக்கு. அந்த இடத்தைத் தன் மச்சினனுக்குப் பிடித்துக் கொடுக்கக் வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி ஒரு வருஷமாகக் கண் வைத்திருப்பது ஊருக்கே தெரியும்.

"அப்ப போவாதீங்க."

"பேரு எழுதியாச்சே! வராதவன் மேலதான் மொத சந்தேகம் வரும்."

ராசம்மா தலையில் அடித்துக்கொண்டு கொழுந்துக்கூடையை மாட்டினாள். இராமையா மூன்று நாள் யோசித்தான். ஓடுவது ஐந்து பேர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் வழி பிறந்துவிட்டது.

"மூணாவதா வரணும் புள்ள! முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. மூணாவதா வர்றவன எந்தத் தொரையும் ஞாபகம் வச்சிக்க மாட்டான்."

சொல்வது சுலபம். நடுவில் வர வேண்டுமென்றால் வேண்டும்போது வேகம் பிடிக்கத் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும். விறகு பொறுக்கப் போகிறவன் மாதிரி விடிந்ததும் லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவுக்குப் போனான். முதல் நாள் இரண்டு தடவை விழுந்து உள்ளங்கை கிழிந்தது. பத்தாம் நாள் கம்பும் காலும் ஒன்றுக்கொன்று பழகின. முகத்தில் காற்று அடித்தது. ஆறு வருஷமாக அப்படி அடித்ததில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சந்தோஷத்தையும் அவன் நம்பவில்லை.

போட்டியன்று மைதானம் நிறைந்திருந்தது. கோட்டில் ஐந்து பேர் கவைக்கம்புகளோடு நின்றார்கள். பக்கத்தில் நின்றவர் வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்து வீரய்யா, நெடிய ஆள். அவருடைய கம்புகளின் அடியில் டயர் ரப்பர் அடித்திருந்தது. இவன் எதற்கு இவ்வளவு முஸ்தீபு செய்திருக்கிறான் என்று இராமையா ஓரக்கண்ணால் பார்த்தான்.

விசில் ஒலித்தது. யாரும் ஓடவில்லை.

நாலு எட்டு வைத்தார்கள், இடமும் வலமும் பார்த்தார்கள். ஒருவர் மெதுவானால் மற்றவர் அதைவிட மெதுவானார். "என்னடா இது, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று ஒருவன் கத்த, நாலு தோட்டமும் சிரித்தது. மேசையருகே உட்கார்ந்திருந்த துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முன்னாடி போங்கண்ணே" என்றார் வீரய்யா மெல்ல.

"நீங்க போங்க."

"நான் மூணாவதா வர்றதாத்தான் வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன்."

இராமையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற மூவரின் முகத்தையும் பார்த்தான். அங்கேயும் அதே திருட்டு முழிதான். நாலு தோட்டத்துக்கும் துரை வேறாக இருக்கலாம், பயம் வேறாக இருக்குமா என்ன?

அப்போதுதான் ஓரத்திலிருந்து கணக்கப்பிள்ளையின் குரல் கேட்டது. கேலியாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, மனுஷன் மெய்யாகவே இரங்கிச் சொன்னார்: "பாவம், சிரிக்காதீங்கப்பா. முடியாதவனுங்க. நடந்தே வரட்டும்."

பாவம்! ஆறு வருஷமாக ஸ்டோர் வாசலில், கடைவீதியில், கோயிலில் கேட்டுப் புளித்த சொல். இராமையாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கப்பலாவது மலையாவது, போங்கடா என்று கம்புகளை வீசி ஊன்றி ஒற்றைக் காலால் எம்பினான்.

இரண்டு பாய்ச்சலில் கூட்டத்தின் சிரிப்பு நின்றது. பின்னால் தட், தட்டென்று ரப்பர் சத்தம் நெருங்கியது. வீரய்யாவும் மூன்றாம் இடத்தைக் காற்றில் விட்டுவிட்டார். மற்றவர்களும் வந்தார்கள். அக்குள் எரிந்தது, உள்ளங்கை வழுக்கியது. பக்கத்தில் வீரய்யாவின் மூச்சு கேட்டது. ஐயோ, என்னை முந்தி விடுவானே என்று இராமையாவின் நெஞ்சு பதறியது. அந்தப் பதற்றம் எவ்வளவு இனிப்பாக இருந்தது! வீரய்யாவுக்கு ஒரு சாண் முன்னால் எல்லைக் கயிறு அவன் மார்பில் பட்டது.

ஊரே கத்தியது. பாவம் என்று ஒரு வாய் சொல்லவில்லை. இராமையா புல்லில் உட்கார்ந்து அழுதான்.

டிஸ்பென்சர் அந்தக் காகிதத்தோடு வந்தார். இராமையா எழுந்து நின்றான்.

"சின்னத்தம்பி மகன் இராமையாங்க. மொதல்ல வந்தவன்னு அழுத்தி எழுதுங்க."

சாயங்காலம் அந்தக் காகிதத்தை டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டினார்கள். ஐந்து பெயர், ஐந்து இடம், அவ்வளவுதான். கப்பலும் இல்லை, கட்டுமரமும் இல்லை. இராமையா ஓரத்தைக் கிளப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

மற்றப் பயம் பலித்தது. மறுநாள் காலை ஆட்களைக் கூட்டும் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை அவனைப் பார்த்தார்.

"நேத்து பறந்தியே, இன்னைக்கு ஆறாம் நம்பர் மலைக்குப் போய்ப் புல்லு வெட்டு. ஸ்டோர்ல உக்கார வேற ஆள் இருக்கு."

பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இராமையா ஆறாம் நம்பர் மலையைப் பார்த்தான். செங்குத்தான பாதை. பயத்துக்குப் பதிலாக வேறொரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

"போறேங்க ஐயா. ஒண்ணு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க. அந்த வீரய்யாவையும் அவங்க தோட்டத்துல மலைக்கு அனுப்பிட்டாங்களா?"

"அது எதுக்கு ஒனக்கு?"

"அவரும் தெனம் மலை ஏறுறாருன்னா, அடுத்த வருசம் மனுசன் என்னை முந்திருவாருங்களே!"