நுனியில் காய்க்கும் மரங்கள்

கணவன் இறந்த பிறகும் ஆப்பிள் தோட்டத்தை விற்க மாட்டேன் என்று அவள் சொன்ன அன்றே நாத்தனாருக்கு ஆகாதவளாகிப் போனாள். தோட்டம் நாத்தனாரின் அப்பா வைத்தது. தம்பிக்குப் போனதையே பொறுக்காதவள் தம்பி பெண்டாட்டிக்குப் போனால் பொறுப்பாளா?

அதனால் குளிர்காலத்தில் நாத்தனார் கத்தரியும் ஏணியுமாக வந்து, கவாத்து செய்து தருகிறேன் என்றபோது இவளால் நம்பவே முடியவில்லை. தையல் வேலை பார்க்கும் இவளிடம், தையல்காரிக்குத் துணி வெட்டத்தான் தெரியும், கிளை வெட்டத் தெரியுமா என்றும் நாத்தனார் குத்தினாள். தெரியாதுதான். இவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நீண்ட கிளைகளின் நுனிகளை நாத்தனார் ஒன்றுவிடாமல் நறுக்கித் தள்ளினாள். மத்தியானம் இவள் சாப்பாடு போட்டாள். பகை தீர்ந்தது என்றுகூட நினைத்தாள்.

வசந்தத்தில் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் பூத்தன. இவள் மரங்களில் வெறும் இலை. நாற்றுப்பண்ணைக்காரர் வந்து ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். பல ஆப்பிள்கள் பழைய கிளையில் முளைக்கும் குட்டைக் குச்சிகளில் காய்க்கும், அவற்றில் நுனியை வெட்டலாம்; இந்த வகைக்குப் போன வருடம் வளர்ந்த கிளையின் நுனியில்தான் பூவே வரும் என்றார். வெட்டிப் போட்டது இந்த வருட விளைச்சலை.

நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

“நுனியில காய்க்கிற மரம்னு உங்களுக்குத் தெரியாதா, அண்ணி?”

“எங்கப்பா வச்ச மரம். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

“தெரிஞ்சேதான் வெட்டினீங்களா?”

“ஒரு வருஷம் காய்க்கலன்னா நீ வித்துட்டுப் போயிடுவன்னு நெனச்சேன். நீ இன்னும் இங்கயே நிக்கிற.”

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான். இவள் வீடு திரும்பினாள். அந்த வருடம் முழுக்கத் தையல் இயந்திரம்தான் சோறு போட்டது. அடுத்த குளிர்காலத்தில் கத்தரியை இவளே எடுத்தாள். நெருக்கியடித்து நின்ற பழைய கிளைகளில் சிலவற்றை மட்டும் அடியோடு எடுத்தாள், நுனிகளைத் தொடவில்லை.

நாத்தனார் நுனி வெட்டிய ஒவ்வொரு கிளையும் அதற்குள் மூன்று நான்காகப் பிரிந்து வளர்ந்திருந்தது. வசந்தத்தில் அத்தனை நுனியிலும் பூ. காய் கனத்துக் கிளைகள் தாழ்ந்தன, முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

சந்தையில் நாத்தனார் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், தான் அன்றைக்கு வெட்டிவிட்டதால்தான் இப்படிக் காய்த்திருக்கிறது என்று. கேட்டதும் இவளுக்குக் காது எரிந்தது. நாற்றுப்பண்ணைக்காரராவது மறுப்பார் என்று அவரிடம் போய்க் கேட்டாள். அவர் கழுத்தைச் சொறிந்தார்.

“அது பொய்யில்லம்மா. நுனி அதிகமானா காயும் அதிகம்.”

வெறும் இலையைப் பார்த்து நின்ற அந்த வருடம்கூட அவளுக்கு இவ்வளவு கசக்கவில்லை.

மறுநாள் நாத்தனார் வெறுங்கூடையோடு வந்து தோட்டத்துக் கதவைத் தட்டினாள். இவள் ஜன்னலருகே நின்றாள், திறக்கவில்லை.  நாத்தனார் சுவருக்கு மேல் சாய்ந்திருந்த கிளையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து, இவள் பார்க்கப் பார்க்க நின்றே தின்று முடித்து, விதைகளைத் தோட்டத்துக்குள் துப்பிவிட்டுப் போனாள்.