நடுச்சுவர் இல்லாத அரங்கு

1.

இக்கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பல் துலக்கிக்கொண்டே என் மனைவி செய்தித்தாளைப் புரட்டிய இடம். பன்னாட்டுப் பொருட்காட்சியில் நம் நாட்டு அரங்கு எவ்வாறு அமையும் என்பதன் படம் அதில் வெளியாகியிருந்தது. வடிவமைத்தவன் அவளுடைய தம்பி. படத்தில் இருந்ததோ எங்கள் வீட்டுக் கூடம்.

(வேறொரு தொடக்கமும் எழுதினேன்: "உலக நாடுகள் யாவும் ஒன்றுகூடும் பெருவெளியில், நம் தேசத்தின் மாண்பினைப் பறைசாற்றும் வண்ணம்..." மூச்சு வாங்கியதால் விட்டுவிட்டேன். எழுத்துத் தமிழை ஐம்பது வயதில் கற்றவனுக்கு நீண்ட வாக்கியம் என்றால் கொள்ளை ஆசை.)

2.

அகன்ற சன்னல், சரிந்த மரக்கூரை, தேய்ந்து பளபளக்கும் தரை ஆகிய யாவும் படத்தில் இருந்தன. நடுவில் நிற்கும் பலகைத் தடுப்பு மட்டும் இல்லை. மாமனார் மறைந்தபின் அக்காளும் தம்பியும் வீட்டைப் பிரித்து எழுப்பிய தடுப்பு அது. அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் நாங்கள்.

(சண்டையின் காரணத்தை இவ்விடத்தில் இருமுறை எழுதி அடித்துவிட்டேன். இருவரும் கூறும் காரணங்களும் ஒன்றோடொன்று பேசுவதில்லை, அவர்களைப் போலவே.)

மனைவி வாயைக்கூடக் கொப்பளிக்காமல் தடுப்பைத் தட்டினாள்.

"டேய், சுவர் எங்கடா?"

"எந்தச் சுவர்க்கா?"

"இப்ப தட்டுறேனே, இதுதான்."

"இதையும் உலகத்துக்குக் காட்டச் சொல்றியா? மானம் போயிடும்."

"உள்ள நின்னா போகாத மானம், வெளிய காட்டினா போயிடுமோ?"

ஆண்டுக்கணக்கில் பேசாதவர்களின் முதல் உரையாடல் இவ்வாறு அமைந்தது.

3.

(மைத்துனனை நயவஞ்சகனாகத் தீட்ட எண்ணியிருந்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை.) பலகைக்கு அப்பாலிருந்தே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். 'இன்றும் பிரியாத ஒரு வீட்டின் கூடம்' என்று தேர்வுக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அதை நேரில் காணக் குழுத்தலைவி இன்று காலையே வருகிறார். தடுப்பைக் கண்டால், அரங்கு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

"இன்னிக்கு மட்டும் கழட்டி வச்சுக்கலாம்க்கா. அவங்க போனதும் மாட்டிடலாம்."

"கழட்டினா கழட்டினதுதான். அப்பப்ப மாட்ட இது என்ன கொசுவலையா?"

அந்தப் பக்கம் கருவிப்பெட்டி திறந்து மூடும் ஓசை. (அப்போது அவன் என்ன நினைத்தான் என்பதை அறிந்தவன்போல் எழுதிய பத்தியை நீக்கிவிட்டேன்.)

"சரிக்கா. திரும்ப மாட்ட வேணாம்."

பிறகு திருகாணிகள் கழலும் ஓசை கேட்டது.

4.

முடிவுகள் சில கைவசம் உள்ளன. தடுப்பு விழுகிறது, உடன்பிறந்தோர் தழுவிக்கொள்கின்றனர், தலைவி கண்கலங்குகிறார். இது பாடநூலுக்கு உகந்தது. தடுப்பு விழுகிறது, மறுநாளே சன்னலை யார் சாத்துவது என்று புதிய சண்டை மூள்கிறது. இது நான் பெண்ணெடுத்த குடும்பத்துக்கு உகந்தது. இன்னொன்றில், தலைவி உள்ளே நுழைந்ததும்...

எழுத இயலவில்லை. ஏனெனில் தடுப்பு இன்னும் விழவில்லை. அந்தப் பக்கத்துத் திருகாணிகள் யாவும் கழன்றுவிட்டன; இந்தப் பக்கம் அதைத் தாங்கி நிற்பது என் எழுதுமேசை. இக்கதையை அதன்மீதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதுவதை எவரும் எட்டிப்பார்க்காத மூலை இவ்வீட்டில் இது ஒன்றே.

"ஏங்க, எந்திரிங்க. மேசையை இழுக்கணும்."

"இதோ, ரெண்டே வரி."

"மாமா, கார் வந்துடுச்சு மாமா!" என்று பலகைக்கு அப்பாலிருந்து மைத்துனன் அலறுகிறான்.

"உங்க கதைக்காக என் தம்பி பொழப்பைக் கெடுத்துடாதீங்க!"

(என் தம்பி! நேற்றுவரை அவன் 'அந்தப் பக்கத்து ஆள்'.)

இனி மறுப்பதற்கில்லை. முற்றுப்புள்ளி வைத்ததும் நான் எழுந்தாக வேண்டும்; எழுந்தால் இந்த மூலை எனக்கில்லை. கை வரவில்லை, வாசகரே. புள்ளியை நீங்களே வைத்துவிடுங்கள்